வருத்தம் கூறும் பெயரடைகள்: ஆங்கில எழுத்து வழக்கில் ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில இலக்கணம் கற்போர் பெயரடையை வாக்கியத்தின் துணையுறுப்பாகவே கருதிப் பழகியுள்ளனர். பெயர் பொருளைச் சுட்டும். வினை செயலைக் கூறும். பெயரடையோ பொருளின் பண்பை விளக்க வருவது என்பது பாடநூல் மரபு. எனினும், வருத்தத்தை உணர்த்தும் சில பெயரடைகளின் வரலாற்றை நோக்கும்போது இம்மதிப்பீடு போதியதன்று என்பது புலனாகும். ஓர் அரசு தன் கடந்தகாலச் செயல் பற்றி வெளியிடும் அறிக்கையில் ஒரேயொரு பெயரடை இடம்பெறுமா என்று பல்லாண்டுகள் காத்திருந்த மக்கட் கூட்டங்கள் உண்டு. அப்பெயரடை இடம்பெறாதவாறு வாசகங்களை நுணுக்கமாக அமைத்த அரசுகளும் உண்டு. எனவே இச்சொற்களின் வரலாறு சொற்பிறப்பியலுக்கு மட்டும் உரியதன்று. சமய வரலாறு, சட்ட வரலாறு, பேரரசுகளின் வரலாறு ஆகியனவும் அதனுடன் பின்னிக் கிடக்கின்றன. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் சிலவற்றை எடுத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் இன்று மிகுதியாக வழங்கும் ‘சொரி’ என்னும் பெயரடை பழைய ஆங்கிலத்தில் ‘சாரிக்’ என வழங்கிற்று. நோவு, புண் ஆகிய பொருள்களையுடைய ‘சார்’ என்னும் பெயரிலிருந்து அது பிறந்தது. இன்றைய ஆங்கிலத்திற் புண்ணையும் நோவையும் குறிக்கும் ‘சோர்’ என்னும் சொல்லும் அவ்வேரினதே. துயரத்தைக் குறிக்கும் ‘சொரோ’ என்னும் சொல்லுடன் ‘சொரி’ உறவுடையது போலத் தோன்றினும் இரண்டும் வெவ்வேறு வேர்களையுடையன. ஒலியாலும் பொருளாலும் அவை காலப்போக்கில் நெருங்கிவிட்டன என்பதே உண்மை. ஆகவே, தொடக்கத்தில் இப்பெயரடை குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல்லன்று. நோவுற்ற ஒருவரின் நிலையைக் கூறும் சொல்லேயாகும். அந்நோவு பிறரால் விளைந்ததா, தம்மால் விளைந்ததா என்ற வினா அச்சொல்லினுள் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் எழுந்த பிணக்குகள் பலவற்றுக்கு இந்நிலையே மூலகாரணம் எனலாம்.

நோவைக் குறித்த சொல் பாவத்துக்கு வருந்துதலைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்ததிற் கிறித்தவ சமயத்துக்குப் பெரும் பங்குண்டு. மத்தியகாலத் திருச்சபையின் பாவசங்கீர்த்தன முறை, செய்த தவற்றை வாயால் உரைப்பதோடு உள்ளம் நொந்து உரைக்கவேண்டும் என வலியுறுத்திற்று. இலத்தீனிலிருந்து வந்த ‘கொன்ட்றைற்’ என்னும் பெயரடை ‘அரைத்து நொறுக்கப்பட்ட’ என்னும் பொருளது. தமிழ் வேதாகமத்தின் சங்கீதங்களில் ‘நொறுங்குண்ட’, ‘நருங்குண்ட’ என்னும் அடைகள் உள்ளத்துக்கு அமைந்திருத்தல் இதனோடு ஒப்பிடத்தக்கது. கழிவிரக்கத்தைச் சுட்டும் ‘றிமோஸ்’ என்பதும் இலத்தீன் வழிவந்ததே. ‘மீண்டும் கடித்தல்’ என்பது அதன் மூலப்பொருள். 1340இற் கன்ரபரியைச் சேர்ந்த துறவி டான் மைக்கல் பிரெஞ்சு நூலொன்றைக் கென்ற் வட்டார வழக்கில் மொழிபெயர்த்தபோது, அவ்விலத்தீன் சொல்லைப் பகுதி பகுதியாக ஆங்கிலப்படுத்தி ‘அயென்பைற் ஒவ் இன்விற்’ எனத் தம் நூலுக்குப் பெயரிட்டார். ‘உள்ளறிவின் மறுகடி’ என்பது அதன் பொருள். 1549இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், திருவிருந்து வழிபாட்டின் பாவ அறிக்கையில் ‘சொரி’ என்னும் பெயரடையையே சேர்த்துக்கொண்டது. எழுத்தறியாத குடியானவரும் தம் தவறுகளுக்கு வருந்துவதாக அச்சொல்லாற் கூறும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. சமயத்தின் வாயிலாக அச்சொல் கூறுவோரைத் தவறிழைத்தவராக நிறுத்தும் வலிமையைப் பெற்றது.

இதற்கு எதிர்த்திசையிற் பயணஞ்செய்த சொல் ‘அப்பொலொஜி’ என்பதாகும். கிரேக்கத்தில் இது வழக்குமன்றத்தில் ஒருவர் தம்மைக் காத்துப் பேசும் உரையைக் குறித்தது. சோக்கிரதீசு நீதிபதிகள் முன் ஆற்றிய உரையாகப் பிளேற்றோ எழுதிய நூலின் தலைப்பில் இச்சொல் அப்பொருளிலேயே நிற்கின்றது. 1533இற் சேர் தோமஸ் மோர் வெளியிட்ட நூலும், 1595இல் அச்சேறிய சேர் பிலிப் சிட்னியின் கவிதை பற்றிய நூலும் இத்தலைப்பைத் தாங்கியவை. அவற்றுள் எதுவும் மன்னிப்புக் கோரும் நூலன்று. தற்காப்புரையைக் குறித்த சொல் தவற்றை ஏற்கும் உரையைக் குறிக்கலானமை ஆங்கிலச் சொல்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும். எனினும் பழைய பொருள் முற்றாக மறையவில்லை. 1864இல் நியூமன் தம் சமய வாழ்வை நியாயப்படுத்தி எழுதிய வரலாற்றுக்கு அதே சொல்லின் மூலவடிவத்தைத் தலைப்பாக்கியமை இதனைக் காட்டும்.

மூன்றாவது சொற்குடும்பம் ‘றிகிறெற்’ என்பதாகும். பழைய பிரெஞ்சில் இறந்தோரை எண்ணிப் புலம்புதலைக் குறித்த வினையிலிருந்து இது தோன்றியது. அதிலிருந்து இரு பெயரடைகள் கிளைத்தன. ‘றிகிறெற்புல்’ வருந்தும் ஆளைச் சுட்டும். ‘றிகிறெற்றபிள்’ வருந்தத்தக்க நிகழ்ச்சியைச் சுட்டும். இவற்றை மயங்க வழங்குதல் பிழையென ஆங்கில உரைநடை பற்றிய கைந்நூல்கள் மாணவர்க்கு எச்சரிப்பதுண்டு. இவ்வேறுபாடு நடை பற்றியது மட்டுமன்று. முதலாவது பெயரடையை எழுதுவோர் தம்மை வாக்கியத்தினுள் நிறுத்துகின்றனர். இரண்டாவதை எழுதுவோர் வாக்கியத்திலிருந்து விலகி நின்று நிகழ்ச்சியை மட்டும் மதிப்பிடுகின்றனர். அரசாங்கங்கள் இரண்டாவதைப் பெரிதும் விரும்பியமைக்குக் காரணம் இதுவே.

‘சொரி’ என்னும் பெயரடையின் இலக்கண நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. பெயருக்கு முன்னர் வரும்போது அது வருத்தத்தைக் குறிப்பதில்லை. இழிந்த, இரங்கத்தக்க என்னும் பொருளையே தருகின்றது. எழுவாய்க்குப் பயனிலையாக வரும்போது மட்டுமே அது வருந்துதலைக் குறிக்கும். எனவே வருந்தும் ஆள் எழுவாயாக வந்தே தீரவேண்டும். ஆயினும் அப்பயனிலையைத் தொடர்ந்து வரும் சொற்கள் பொருளைப் பலவாறாக மாற்றவல்லன. பிறர் ஒருவருக்காக ‘சொரி’ எனின் அது இரக்கம். தன் செயலுக்காக ‘சொரி’ எனின் அது கழிவிரக்கம். ஒரு நிகழ்ச்சி நேர்ந்ததையிட்டு ‘சொரி’ எனின் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது அமைப்பின் தெளிவின்மையே இராசதந்திரிகளின் புகலிடமாயிற்று.

அரசுகளுக்கிடையிலான எழுத்தில் இச்சொற்கள் எவ்வாறு அளந்து பயன்படுத்தப்பட்டன என்பதற்கு ‘அலபாமா’ விவகாரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போரின்போது, பிரித்தானியாவின் பேர்க்கன்ஹெட் கப்பற்றளத்திற் கட்டப்பட்ட அக்கப்பல் 1862இற் புறப்பட்டுத் தென்மாநிலங்களின் போர்க்கப்பலாகி, வடமாநிலங்களின் வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ 65ஐக் கைப்பற்றிற்று அல்லது எரித்தது. நடுநிலை நாடு தன் கடமையிற் தவறியது என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. 1871 மே 8ஆம் திகதி கைச்சாத்தான வாசிங்ரன் உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, அக்கப்பல்கள் பிரித்தானியத் துறைமுகங்களிலிருந்து ‘தப்பிச் சென்றமைக்கு’ மகாராணியின் அரசாங்கம் வருந்துவதாகக் கூறுகின்றது. அவை எச்சூழ்நிலையிற் சென்றிருப்பினும் என்னும் தொடரும் அதில் உண்டு. கப்பல் ‘தப்பிச் சென்றது’ என்றால் அதனை அனுப்பியோர் எவருமில்லை என்றாகிறது. வருத்தம் எழுதப்பட்டது, பொறுப்பு எழுதப்படவில்லை. பொறுப்பை நிறுவும் பணி ஜெனீவாவிற் கூடிய நடுவர் மன்றத்துக்கு விடப்பட்டது. அம்மன்றம் 1872இற் பிரித்தானியா 155 இலட்சம் டொலரைச் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. வருத்தச் சொல்லை ஒரு பக்கத்திலும் இழப்பீட்டை மறுபக்கத்திலும் பிரித்து வைக்கும் பிற்கால முறைக்கு இவ்வுடன்படிக்கை முன்னோடியாக அமைந்தது எனக் கருத இடமுண்டு.

சமநிலையிலுள்ள இரு வல்லரசுகளுக்கிடையில் இவ்வளவாவது எழுதப்பட்டது. ஆளும் நாட்டுக்கும் ஆளப்பட்ட மக்களுக்குமிடையில் நிலைமை வேறாயிருந்தது. 1919 ஏப்பிரல் 13ஆம் திகதி அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக் திடலிற் கூடியிருந்த மக்கள்மீது பிரிகேடியர் ஜெனரல் டயரின் கட்டளைப்படி 1,650 தடவைகள் சுடப்பட்டன. இறந்தோர் 379 பேர் என அரசாங்கக் கணக்குக் கூறிற்று. ஏறத்தாழ ஆயிரம் பேர் எனக் காங்கிரஸ் விசாரணை கூறிற்று. 1920 யூலை 8ஆம் திகதி பொதுச்சபையில் நடைபெற்ற விவாதத்திற் சேர்ச்சில் அதனை ‘கொடூரமான’ நிகழ்ச்சி என வருணித்ததோடு, பேரரசின் வரலாற்றில் அது தனித்து நிற்பதென்றும் வாதிட்டார். கண்டனம் கடுமையானதே. ஆயினும் பெயரடைகள் யாவும் நிகழ்ச்சியின்மீதே அமைந்தன. நிகழ்ச்சி தனித்தது எனின், அதனை விளைவித்த ஆட்சிமுறை குற்றமற்றது என்பது அதன் உட்கிடை. பிரபுக்கள் சபையோ அவ்வளவுக்கும் இணங்காது அதே மாதத்தில் 129க்கு 86 என்ற வாக்குகளால் டயருக்குச் சார்பான தீர்மானத்தை நிறைவேற்றிற்று.

இதன் பின்னரான நூறாண்டுக் காலத்திற் பெயரடைகள் மாறின. அவை அமர்ந்த இடம் மாறவில்லை. 1997 ஒக்தோபரில் எலிசபெத் அரசியார் புதுதில்லி விருந்துரையில் அதனைக் கடந்தகாலத்தின் ‘துன்பந்தரும்’ எடுத்துக்காட்டு என்றார். 2013 பெப்ரவரியிற் பிரதமர் டேவிட் கமரூன் அத்திடலின் வருகையாளர் ஏட்டில், பிரித்தானிய வரலாற்றில் ‘ஆழ்ந்த வெட்கத்துக்குரிய’ நிகழ்ச்சி என எழுதினார். 2019 ஏப்பிரல் 10ஆம் திகதி பிரதமர் தெரேசா மே பொதுச்சபையில் அதனை ‘வெட்கத்துக்குரிய’ வடு என வருணித்து, நிகழ்ந்ததற்கும் விளைந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோபின் முழுமையான, தெளிவான, ஐயத்துக்கிடமற்ற மன்னிப்பைக் கோரினார்; அது கிடைக்கவில்லை. வெட்கத்துக்குரிய நிகழ்ச்சி என்பதற்கும் வெட்கப்படுகிறோம் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்விடத்திற் தெளிவாகக் காணலாம். அதே ஆண்டு செப்ரெம்பரில் அங்கு சென்ற கன்ரபரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பி, நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து, தாம் வெட்கமும் வருத்தமும் உடையவர் என்றார். பெயரடைகள் இரண்டும் ஆள்மீது ஏறின. ஆனால் தாம் அரசாங்கத்தின் சார்பிற் பேசவியலாது எனவும் அவர் கூறவேண்டியிருந்தது. கூறக்கூடியவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் அதனைக் கூறவில்லை.

அவுஸ்திரேலியாவில் இப்போராட்டம் ஒரே சொல்லைச் சுற்றி வெளிப்படையாக நிகழ்ந்தது. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசாங்கங்களின் கொள்கையினாற் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். மூவருக்கு ஒருவர் முதற் பதின்மருக்கு ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என 1997 மே மாதம் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அறிக்கை மதிப்பிட்டது. அவ்வறிக்கை மன்னிப்பையும் இழப்பீட்டையும் விதந்துரைத்தது. இன்றைய தலைமுறை முன்னோரின் செயலுக்குப் பழியேற்க வேண்டியதில்லை என்பது பிரதமர் ஜோன் ஹவாட்டின் நிலைப்பாடு. 1999 ஓகஸ்ட் 26ஆம் திகதி அவர் கொண்டுவந்த பிரேரணை ‘ஆழ்ந்த, நேர்மையான’ வருத்தத்தைத் தெரிவித்தது. வருத்தம் என்னும் பெயருக்கு இரு பெயரடைகள் சேர்க்கப்பட்டன. ‘சொரி’ என்னும் ஒரு பெயரடை விலக்கப்பட்டது. அடைகளைப் பெருக்கியதனால் விலக்கிய சொல்லின் வெறுமை மறையவில்லை. மக்கள் அவ்வெறுமையைத் தாமே நிரப்பினர். 1998 மே 26ஆம் திகதி முதன்முறையாக ‘சொரி நாள்’ கடைப்பிடிக்கப்பட்டது. 2000 மே 28ஆம் திகதி சிட்னித் துறைமுகப் பாலத்தின் வழியாக ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் நடந்து சென்றபோது, விமானமொன்று அச்சொல்லை வானிற் புகையால் எழுதிற்று.

2008 பெப்ரவரி 13ஆம் திகதி பிரதமர் கெவின் றட் பாராளுமன்றத்தில் அச்சொல்லை உரைத்தார். பிரிக்கப்பட்டோர், அவர்தம் பெற்றோரும் உடன்பிறந்தோரும், இழிவுபடுத்தப்பட்ட ஒரு மக்களினம் என மூவகையினரை விளித்து மும்முறை அது கூறப்பட்டது. அப்போது மைய அரசு இழப்பீட்டை அதனோடு இணைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. இங்கு மொழியியல் நோக்கிற் கவனிக்கத்தக்க செய்தியொன்றுண்டு. அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் ஆங்கிலத்தில் ‘சொரி’ என்னும் சொல் இறந்தோருக்கான துக்கச் சடங்குகளையும் சுட்டும். அவர்கள் எதிர்பார்த்தது குற்ற ஒப்புதல் மட்டுமன்று. தம் இழவிற் பிறரும் வந்து பங்குகொள்ளுதலுமாகும். பழைய ஆங்கிலத்தில் நோவையும் பழைய பிரெஞ்சில் இறந்தோர்க்கான புலம்பலையும் குறித்த சொற்கள், நெடுந்தொலைவிலுள்ள ஒரு கண்டத்தில் அம்மூலப்பொருளுக்கு மீண்டும் அணுக்கமாயின.

‘சொரி’ என்பதன் தெளிவின்மை திட்டமிட்டுப் பயன்படுத்தப்பட்டமைக்கு 2001ஆம் ஆண்டுச் சம்பவமொன்று சான்றாகும். அவ்வாண்டு ஏப்பிரல் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உளவு விமானமொன்றும் சீனப் போர்விமானமொன்றும் தென்சீனக் கடலின்மேல் மோதின. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமுற்ற அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் 11 நாள்கள் தடுத்து வைக்கப்பட்டனர். சீனா மன்னிப்பைக் கோரிற்று, அமெரிக்கா மறுத்தது. இறுதியில் அமெரிக்கத் தூதுவர் ஜோசப் புறூயர் சீன வெளிநாட்டமைச்சர் தாங் ஜியாசுவானுக்கு எழுதிய கடிதம் வழி திறந்தது. அதில் ‘மிகவும் சொரி’ என்னும் தொடர் இருமுறை வந்தது. முதலாவது, விமானியின் குடும்பத்துக்கும் சீன மக்களுக்கும் ஏற்பட்ட இழப்புக்காக, இது இரங்கல். இரண்டாவது, வாய்மொழி அனுமதியின்றிச் சீன வான்பரப்பினுள் நுழைந்து தரையிறங்கியமைக்காக. இது சிறியதொரு முறைமீறல் பற்றிய வருத்தம். பிணக்கின் மையமான மோதலுக்கு அப்பெயரடை சேர்க்கப்படவில்லை. அமெரிக்கா இது மன்னிப்புக் கடிதமன்று என்றது. சீன அரசோ தன் மொழிபெயர்ப்பில், ஆழ்ந்த முறையில் மன்னிப்புணர்வைத் தெரிவித்தல் என்னும் கருத்துள்ள தொடரைக் கையாண்டு, வேண்டியது கிடைத்ததெனத் தன் மக்களுக்கு அறிவித்தது. இரு பொருளுக்கும் இடந்தந்த பெயரடை 24 பேரை வீடு சேர்த்தது. எனவே தெளிவின்மை எப்போதும் தீமையென்று கொள்வதற்கில்லை. ஆயினும் வலிமையில் ஒத்த இரு தரப்பினர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட தெளிவின்மை அது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கெனியாவின் மௌ மௌ எழுச்சிக் காலத்தில், அதாவது 1952 முதல் 1960 வரையான அவசரகால நிலையின்போது, தடுப்பு முகாம்களிற் சித்திரவதைக்குள்ளானோர் அத்தகைய வலிமையுடையோரல்லர். இலண்டன் உயர்நீதிமன்றத்தில் முதியோர் சிலர் நடத்திய வழக்கின் பின்னரே 2013 யூன் 6ஆம் திகதி வெளிநாட்டமைச்சர் வில்லியம் ஹேக் பாராளுமன்றத்தில் அறிக்கை விடுத்தார். கெனியர் குடியேற்ற நிர்வாகத்தினரின் கையிற் சித்திரவதைக்குள்ளாயினர் என்பதை ஏற்று, அவை நிகழ்ந்தமைக்கு அரசாங்கம் நேர்மையாக வருந்துவதாக அவர் கூறினார். 5,228 பேருக்கான தீர்வாக, செலவுகளும் உட்பட 199 இலட்சம் பவுண் வழங்க இணங்கப்பட்டது. எனினும் சட்டப் பொறுப்பைத் தொடர்ந்தும் மறுப்பதாக அதே அறிக்கை கூறிற்று. 2023 ஒக்தோபரில் நைரோபி சென்ற சார்ள்ஸ் மன்னர் ‘மிகப்பெரிய’ துயரையும் ‘மிக ஆழ்ந்த’ வருத்தத்தையும் வெளியிட்டார். பெயரடைகள் உச்சநிலை வடிவத்தை அடைந்தன; முறையான மன்னிப்பு அப்போதும் கூறப்படவில்லை.

வருத்தச் சொல் வழக்குமன்றிற் சான்றாகிவிடும் என்ற அச்சமே இத்தயக்கத்தின் முக்கிய காரணமாகும். அவ்வச்சத்தை நீக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திற் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் மகள் சைக்கிளிற் சென்றபோது வாகனம் மோதி இறந்தாள். வாகனத்தைச் செலுத்தியவர் ஒரு வார்த்தையேனும் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிப்பின் அது வழக்கிற் குற்ற ஒப்புதலாகிவிடும் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அத்தந்தையின் மனத்தாங்கலின் விளைவாக, விபத்துக்குள்ளானோரிடம் காட்டும் அனுதாபத்தைப் பொறுப்பேற்றமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் சட்டம் அம்மாநிலத்தில் 1986இல் இயற்றப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் 2002இலும், பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் இத்தகைய பாதுகாப்பை வழங்கின. 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மன்னிப்புக் கோருதல் தன்னளவிற் கவனயீனத்தை ஒப்புக்கொள்வதாகாது என விதித்தது. இச்சட்டங்கள் மனிதாபிமானம் சார்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சொல்லின் விளைவுகளைச் சட்டத்தால் நீக்கியபின் அச்சொல்லைக் கூறுவோர் எதனைப் பணயமாக வைக்கின்றனர் என்ற வினா எழாமலில்லை. இழப்புக்கு அஞ்சிச் சொல்லாதிருத்தலும், இழப்பில்லை என்பதாற் சொல்லுதலும், கேட்போருக்கு ஒன்றாகவே தோன்றுதல் கூடும்.

தமிழ் வழக்கோடு ஒப்பிடும்போது இவ்வரலாறு மேலும் தெளிவுபெறும். ஆங்கிலம் பெயரடையாற் கூறுவதைத் தமிழ் பெரும்பாலும் வினையாற் கூறுகின்றது. ‘வருந்துகிறேன்’, ‘வருந்துகிறோம்’ என்னும் முற்றுகளில் விகுதியே வருந்துவோரைக் காட்டிவிடுவதால் எழுவாய் மறைந்து நிற்கினும் ஆள் மறைவதில்லை. அதேவேளை ‘வருந்தத்தக்க சம்பவம்’, ‘வருத்தம் தெரிவிக்கப்படுகிறது’ போன்ற தொடர்கள் ஆளை அகற்றிவிடுகின்றன. அலுவலக ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுதப்படும் தமிழில் இவை பெருகியுள்ளமையை அவதானிக்கலாம். இன்னுமொன்று: ஈழத்துப் பேச்சுவழக்கில் ‘வருத்தம்’ என்பது நோயையும் குறிக்கும், நோயாளியை ‘வருத்தக்காரர்’ என்பர். ஆங்கிலத்தின் ‘சார்’ என்னும் பழைய சொல்லைப் போலவே இங்கும் உடலின் நோவும் உள்ளத்தின் நோவும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. தொடர்பற்ற இரு மொழிகள் இவ்வகையில் ஒத்திருத்தல், வருந்துதல் என்பது நோவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுதலே என்னும் மக்கட் பட்டறிவின் விளைவாகலாம்.

மேற்காட்டியவற்றிலிருந்து ஒரு பொதுமை புலப்படுகின்றது. வருத்தம் கூறும் பெயரடையின் கனதி அதன் அகராதிப் பொருளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது நிகழ்ச்சியின்மீது அமைகின்றதா, எழுதுவோர்மீது அமைகின்றதா என்பதே முதன்மையானது. யார் எழுதுகின்றார், யாருக்கு எழுதுகின்றார், எழுதியபின் யாது செய்கின்றார் என்பன அடுத்து வருவன. ஆங்கில ஆவணங்களை வரலாற்றுச் சான்றுகளாகப் பயிலும் மாணவர் பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொள்வது போல இப்பெயரடைகளின் இடத்தையும் குறித்துக்கொள்ளுதல் பயனுடையது. ஓர் அறிக்கையில் எழுதப்பட்டதை அறிவதோடு எழுதாமல் விடப்பட்டதையும் அறிவதற்கு அது துணைசெய்யும்.